மின்கம்பி போகாத ஊரும் மளிகைக் கடைக் கணக்கும்



அரிசி, பருப்பு, எண்ணெய் விலையைப் பற்றியும், வரி விதிப்பைப் பற்றியும் எழுதவே நமது இதழில் இடம் போதவில்லை. இதில் சூரிய ஒளி மின்சாரத்தைப் பற்றி எழுதுவானேன், அது பொறியாளர்களும் அதிகாரிகளும் கவலைப்பட வேண்டிய விஷயமாயிற்றே என்று அன்பர்கள் சிலர் எண்ணக்கூடும். மின்சார வாரியத்தின் கம்பி எட்டாத மலையூர்களுக்கும் காட்டூர்களுக்கும் சோலார் விளக்குப் போடும் திட்டங்கள் பல நாடுகளில் நடந்து முடிந்திருக்கின்றன. சில வென்றன. பல படுத்துவிட்டன. படுத்தவற்றின் கதையைப் படித்துப் பார்த்தால், பெரும்பாலும் பேனல் பழுதானதால் அவை படுக்கவில்லை. வசூல் நின்றது, உதிரிப் பொருள் கிடைக்கவில்லை, பழுது பார்க்க ஆள் வரவில்லை. இந்த மூன்றுமே சில்லறை வியாபாரத்தின் அரிச்சுவடி. ஆகவே இது நம் விஷயமும்தான் என்பது என் கருத்து.

கம்பி போகாத ஊர் இன்னும் இருக்கிறதா?

இந்தியாவில் குடியிருப்புள்ள எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டதாக 2018 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசு அறிவித்தது. மணிப்பூர் மாநிலத்தின் லைசாங் கிராமம் அந்தப் பட்டியலில் கடைசி. ஆனால் ஒரு கிராமத்தில் பள்ளிக்கூடம், பஞ்சாயத்து அலுவலகம் போன்ற பொது இடங்களுக்கும், வீடுகளில் நூற்றுக்குப் பத்துக்கும் இணைப்பு இருந்தாலே அது மின்சாரம் பெற்ற கிராமம் என்று கணக்கு வைத்திருந்தார்கள். பிறகு வீட்டுக்கு வீடு இணைப்புத் தரும் சௌபாக்யா திட்டம் வந்து, 2022 மார்ச் வரை 2 கோடியே 86 லட்சம் வீடுகளுக்கு இணைப்புக் கொடுத்தது. இது பெரிய சாதனைதான். அதற்குப் பிறகும் காட்டுக்குள்ளும் மலைச்சரிவிலும் பத்து வீடு, இருபது வீடாகச் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகள் மிஞ்சின.

அங்கெல்லாம் கம்பம் நடுவது சுலபமல்ல. வனத்துறை அனுமதி வேண்டும். பாறையில் குழி எடுக்க வேண்டும். பத்து வீட்டுக்காகப் பல கிலோமீட்டர் கம்பி இழுக்க வேண்டும். மழைக்காலத்தில் ஒரு மரம் விழுந்தால் வாரக்கணக்கில் இருட்டு. இப்படிப்பட்ட பழங்குடி வீடுகள் ஒரு லட்சத்துக்குச் சோலார் மின்சாரம் தருவதற்காக, பி.எம். ஜன்மன் திட்டத்தின் கீழ் 515 கோடி ரூபாயை மத்திய அரசு 2024 ஜனவரியில் ஒதுக்கியது. தமிழ்நாட்டின் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகத்தாரும் அந்தத் திட்டம் குறிக்கும் பிரிவில் வருகிறார்கள். இவர்கள் சந்தை நாளில் இறங்கி வந்து யாரிடம் சாமான் வாங்குகிறார்கள்? மலையடிவாரத்தில் கடை வைத்திருக்கும் நம்மவர்களிடம்தான்.

பணம் வருகிறது, பேனல் வருகிறது. நான்கு ஆண்டு கழித்து என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

தர்னாய் சொல்லும் பாடம்

பீகார் மாநிலம் ஜகானாபாத் மாவட்டத்தில் தர்னாய் என்று ஒரு கிராமம். அங்கே 1980களின் தொடக்கத்தில் மின்மாற்றி பழுதாகிப் போய், முப்பது ஆண்டுகளுக்கு மேல் மின்சாரமே இல்லை. 2014 ஜூலையில் கிரீன்பீஸ் அமைப்பு, வேறு இரண்டு அமைப்புகளுடன் சேர்ந்து, ஏறத்தாழ 3 கோடி ரூபாய்ச் செலவில் 100 கிலோவாட் சோலார் மின்நிலையம் ஒன்றை அங்கே நிறுவியது. சுமார் 450 வீடுகளுக்கும் 50 கடைகளுக்கும் வெளிச்சம் வந்தது. நாடெங்கும் பத்திரிகைகள் பாராட்டின.

ஆனால் அடுத்த மாதமே நிதிஷ் குமார் அந்த ஊருக்கு வந்தபோது, தங்களுக்குப் போலி மின்சாரம் வேண்டாம், அசல் மின்சாரம் வேண்டும் என்று ஊர் மக்களில் ஒரு பகுதியினர் குரல் எழுப்பினார்கள். மக்கள் ஆசைப்பட்டது டி.வி.யும் ஃபிரிட்ஜும் ஓட்ட. கிடைத்தது விளக்கும் விசிறியும். சிறிது காலத்திலேயே அரசாங்கக் கம்பியும் வந்துவிட்டது. கம்பி மின்சாரம் யூனிட் மலிவு. சோலார் யூனிட் அதைவிட விலை கூடுதல். எதிர்க்கடையில் அதே சரக்கு பாதி விலைக்குக் கிடைத்தால் வாடிக்கையாளர் எங்கே போவார் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று ஆண்டில் பேட்டரிகள் ஓய்ந்தன. புதிது வாங்கிப் போடப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. பின்னாளில் அந்த மின்நிலைய வளாகத்தில் மாடு கட்டியிருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின.

இதில் யாரையும் பழிப்பதற்கு ஒன்றுமில்லை. நல்ல எண்ணத்தோடு செய்த காரியம் அது. ஆயினும் கடை திறக்கும் ஒரு சாதாரண வியாபாரி கேட்கும் மூன்று கேள்விகளுக்கு அங்கே விடை இருக்கவில்லை. வாடிக்கையாளர் என்ன சரக்குக் கேட்கிறார்? எதிர்க்கடை எப்போது வரும்? சரக்குத் தீர்ந்தால் மறு கொள்முதலுக்கு முதல் எங்கே?

வங்கதேசம் செய்து காட்டியது

இதற்கு நேர்மாறாக ஒரு கதை வங்கதேசத்தில் நடந்தது. அங்கே ஐ.டி.சி.ஓ.எல். என்ற அரசு நிதி நிறுவனம் உலக வங்கி உதவியுடன் 2003-ல் வீட்டுச் சோலார் திட்டத்தைத் தொடங்கியது. 2008-க்குள் 50,000 வீடுகள் என்பது இலக்கு. 2005-லேயே அந்த எண்ணிக்கையை எட்டிவிட்டார்கள். 2013-ல் மட்டும் 8 லட்சத்துக்கு மேல் விற்றது. 2018 வரை மொத்தம் 41 லட்சம் வீடுகளுக்கு மேல்; ஏறத்தாழ 2 கோடி மக்கள் பயனடைந்தார்கள்.

எப்படி முடிந்தது? இலவசமாகக் கொடுக்கவில்லை, விற்றார்கள். வீட்டுக்காரர் முன்பணமாக நூற்றுக்குப் பத்து, பதினைந்து கொடுப்பார். மீதியை இரண்டு, மூன்று ஆண்டு மாதத் தவணையில் கட்டுவார். அரசு மானியம் தொடக்கத்தில் இருந்தது. போகப் போகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். கிராமீண் சக்தி உள்ளிட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் ஊர்தோறும் கிளை வைத்து விற்றன. அந்த ஊர்ப் பக்கத்துப் பையன்களையும் பெண்களையும் பழகவைத்து வேலைக்கு அமர்த்தின. தவணை வாங்க வருகிறவரே பேட்டரியையும் பார்த்துவிட்டுப் போவார். விளக்கு எரியவில்லை என்றால் தவணை கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே விளக்கு எரிந்தது. வசூலும் சர்வீசும் ஒரே கையில் இருந்ததுதான் அதன் இரகசியம்.

அந்தத் திட்டம் ஏன் சரிந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கம்பி வேகமாகப் பரவியது. 2022 மார்ச்சில் நாடு முழுவதும் மின்சாரம் என்று அறிவித்தார்கள். அது மகிழ்ச்சிக்குரிய காரணம். இன்னொரு காரணம் வேறு. அரசின் வேறொரு திட்டத்தில் சோலார் பேனலை இலவசமாக வழங்கத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டுக்கு இனாமாக வந்த பொருளுக்கு நான் ஏன் தவணை கட்ட வேண்டும் என்று கேட்காத மனிதர் உண்டா? வசூல் விழுந்தது, கிளைகள் மூடப்பட்டன, கிளை மூடியதும் சர்வீஸ் நின்றது. சந்தையில் தரமற்ற மலிவுச் சரக்கும் புகுந்தது. பதினைந்து ஆண்டு கட்டிய வியாபாரத்தை இனாமும் மட்டச் சரக்கும் சேர்ந்து ஆட்டம் காணச் செய்தன. நம் கடைத்தெருவில் நாம் காணாததா இது?

பொட்டலம் போட்டு விற்ற மின்சாரம்

கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் இன்னொரு வழி கண்டார்கள். எம்-கோப்பா என்ற நிறுவனம் 2012 முதல் சிறு சோலார் பெட்டிகளை விற்றது. 8 வாட் பேனல், சில விளக்குகள், செல்போன் சார்ஜர், ஒரு ரேடியோ. சுமார் 3,000 ஷில்லிங் முன்பணம். பிறகு நாளொன்றுக்கு 50 ஷில்லிங் வீதம் ஓராண்டு. அதன் பிறகு பெட்டி சொந்தம். மண்ணெண்ணெய்க்குத் தினம் ஆகும் செலவை ஒட்டியே இந்தத் தொகையை வைத்தார்கள். பணம் கட்டிய நாளுக்கு விளக்கு எரியும். கட்டாவிட்டால் பெட்டி தானே பூட்டிக்கொள்ளும்.

அந்த 50 ஷில்லிங்கை எப்படிக் கட்டினார்கள்? 2007-ல் அங்கே வந்த எம்-பெசா என்னும் செல்போன் பணம் மூலமாக. அந்த எம்-பெசாவுக்கு ரொக்கத்தைக் கொடுத்து ஏற்றிக்கொள்ளும் இடம் எது? ஊர் மூலையில் இருக்கும் பெட்டிக்கடையும் மளிகைக் கடையும்தான். சீனியும் சோப்பும் விற்கும் கடைக்காரர் கையில்தான் அந்த ஏற்பாட்டின் அச்சாணி இருந்தது.

இது நமக்குப் புதிய வித்தையா? பாட்டிலில் ஷாம்பூ வாங்க முடியாதவருக்குச் சிறு பையில் அடைத்து விற்கலாம் என்று வழி காட்டியவர்களுள் முன்னோடி நம் கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன் அவர்கள். கால் கிலோ எண்ணெய், ஐம்பது கிராம் மிளகாய்த்தூள், ஒரு வேளைக்குத் தேயிலை என்று பொட்டலம் கட்டியே பிழைத்த இனம் நம் இனம். மொத்தமாக வாங்க வசதியில்லாதவருக்குச் சிறுகச் சிறுகக் கொடுத்து, சிறுகச் சிறுக வாங்குவதுதான் சில்லறை வியாபாரம். மின்சாரத்துக்கும் அதுவே பொருந்தும் என்று கென்யா காட்டியது.

ஒரு வீட்டுக் கணக்கு

இனி நம் மலையடிவாரத்துக்கு வருவோம். 100 வாட் பேனல் ஒன்று நல்ல வெயில் நாளில் சுமார் 400 வாட்-மணி மின்சாரம் தரும். பேட்டரியிலும் கம்பியிலும் கழிவு போகக் கைக்கு வருவது 300 என்று வைத்துக்கொள்ளலாம். 9 வாட் எல்.இ.டி. விளக்கு மூன்றை ஐந்து மணி நேரம் எரித்தால் 135. இரண்டு செல்போன் சார்ஜுக்கு 15. மிச்சம் 150-ல் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி ஐந்து மணி நேரம் ஓடும். அவ்வளவுதான் வரவு, அவ்வளவுதான் செலவு. மிக்ஸியும் இஸ்திரிப் பெட்டியும் இந்தக் கணக்கில் வராது. இதை வாங்குகிறவரிடம் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் நாளைக்கு அது போலி மின்சாரம் என்று பெயர் வாங்கும்.

அடுத்தது பேட்டரி. பேனல் 25 ஆண்டு உழைக்கும். ஈய அமிலப் பேட்டரி மூன்று, நான்கு, மிஞ்சிப்போனால் ஐந்து ஆண்டு. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றாவிட்டாலும், கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தாண்டி நேரடியாகக் கம்பி கொடுத்து முழுவதும் உறிஞ்சிவிட்டாலும் அதற்கு முன்பே போய்விடும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். தானமாக வந்த பேட்டரியை மாதம் ஒரு முறை மூடியைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

ஒரு பேட்டரி விலை வரி உட்பட 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுக்கு 48 மாதம். மாதம் 167 ரூபாய் ஒதுக்கி வைத்தால் ஐந்தாம் ஆண்டில் புதுப் பேட்டரி தயார். ஒதுக்காவிட்டால் ஐந்தாம் ஆண்டில் வீட்டுக் கூரை மேல் கண்ணாடிப் பலகை மட்டும் இருக்கும், வீட்டுக்குள் மண்ணெண்ணெய் விளக்கு இருக்கும். சிறுதுளி பெருவெள்ளம் என்பதை இதைவிட எளிதாக விளக்க முடியாது.

ஏழையிடம் காசு வாங்குவதா?

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். நகரத்தில் இருப்பவனுக்கு மானிய மின்சாரம். காட்டுக்குள் தேனும் கிழங்கும் எடுத்துப் பிழைப்பவனிடம் மாதம் 167 ரூபாய் வசூலா, இது நீதியா என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016-ல் நடைமுறைக்கு வந்தது. கம்பி போகாத வீட்டுக்கு அந்தச் சலுகையால் ஒரு காசுப் பயனும் இல்லை. ஆகவே பேனல், கம்பி, முதல் பேட்டரி எல்லாம் அரசு செலவில் வருவதே முறை. அதோடு, கம்பி உள்ள வீட்டுக்கு அரசு தாங்கும் தொகையில் ஒரு பங்கை இந்த வீட்டின் பேட்டரி நிதியில் மாதாமாதம் செலுத்துவதும் நியாயமே.

ஆனால் வீட்டுக்காரர் பங்கு என்று ஏதோ ஒரு சிறு தொகை, 30 ரூபாயோ 50 ரூபாயோ, இருக்கத்தான் வேண்டும் என்று வலியுறுத்துவேன். காசு கொடுத்தவருக்கே கேட்கும் உரிமை உண்டு. மாதம் ஐம்பது ரூபாய் கட்டுகிறேனே, ஏன் விளக்கு எரியவில்லை என்று அவர் கடைவாசலில் நின்று கேட்பார். இனாமாக வாங்கியவர் யாரிடம் போய்க் கேட்பார்? மாவட்டத் தலைநகரில் ஏதோ ஓர் அலுவலகத்துக்கு மனு எழுதவா? அந்த ஐம்பது ரூபாயால் பேட்டரி வாங்கிவிட முடியாது என்பது உண்மை. அது ஒருவரைப் பதில் சொல்ல வைக்கும், அதுவே போதும்.

நாம் செய்யக்கூடியது

அந்தப் பதில் சொல்லும் ஆள் யார்? பேனல் மாட்டிய ஒப்பந்தக்காரர் வெளிமாநிலத்தவராக இருக்கலாம்; ஒப்பந்தக் காலம் முடிந்ததும் போய்விடுவார். அதிகாரி மாறுதலாகிப் போவார். மலையடிவாரத்து மளிகைக் கடைக்காரர் எங்கும் போகமாட்டார். அவருக்கு வீடு வீடாகப் பெயர் தெரியும். யார் சொன்ன தேதியில் கொடுப்பார், யார் இழுத்தடிப்பார் என்பதும் தெரியும். ஆகவே இப்படிப்பட்ட ஊர்களுக்கு அருகில் உள்ள கடைகளைச் சேவை நிலையங்களாக ஆக்க வேண்டும் என்பது என் யோசனை.

கடையில் வைக்க வேண்டிய சரக்கு அதிகமில்லை. டிஸ்டில்டு வாட்டர், ஃபியூஸ், கம்பி, 12 வோல்ட் விளக்கு, கட்டுப்பாட்டுப் பெட்டி இரண்டு, பேட்டரி ஒன்றிரண்டு. வீட்டு மின்சாரத்துக்கான சாதாரண பல்பு இந்த 12 வோல்ட்டில் எரியாது என்பதால், ஒரு பல்பு கிடைக்காமலேயே ஒரு வீடு இருண்டுபோகும். ஊரில் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ பயிற்சி கொடுத்து, பழுது பார்த்த கூலியைக் கடை மூலம் தரலாம். பழைய பேட்டரியைத் திருப்பி வாங்கி உரிய இடத்தில் சேர்ப்பதும் முக்கியம். ஈயமும் அமிலமும் ஓடையில் கலந்தால் ஊருக்கே கேடு. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளும் இதை வலியுறுத்துகின்றன.

இதில் கொள்ளை லாபம் என்று யாரும் நாக்கைச் சப்புக்கொட்ட வேண்டாம். அறுபது வீட்டுக்கு மாதம் 167 வீதம் 10,020 ரூபாய். நூற்றுக்குப் பத்து கமிஷன் என்றால் கடைக்கு ஆயிரம் ரூபாய் தேறும். ஆனால் மாதம் ஒரு முறை அறுபது குடும்பம் படியேறும். இருட்டிய பிறகும் ஊர் விழித்திருக்கும். குழந்தைகள் படிக்கும். அந்த ஊருக்குள் சிறு கடை வைத்திருப்பவர் ஆறு மணிக்கே கடையடைக்க வேண்டியதில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். வசூல் பணம் கடைக் கல்லாவில் கலக்கக்கூடாது. ஊர்ப் பெண்கள் சுய உதவிக் குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு. கடைக்காரர் ரசீது மட்டும் போடுவார். மாதாமாதம் கணக்கைச் சுவரில் ஒட்டுவார். பேட்டரிக் கணக்கையும் மளிகைப் பற்றையும் சேர்க்கவே கூடாது. மளிகை பாக்கிக்காக வீட்டு விளக்கை நிறுத்தும் நிலை வந்தால் நாம் அடிக்கும் வயிறு நமக்குச் சோறு போட்ட வயிறு. மட்டமான பேட்டரியை நல்ல ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுகிற பேர்வழிகளும் நம் தொழிலில் இல்லாமல் இல்லை. அவர்களைச் சங்கமே விலக்கி வைக்க வேண்டும். வங்கதேசத்தில் மட்டச் சரக்கு என்ன செய்தது என்று பார்த்தோம்.

அரசுக்கும் சங்கத்துக்கும் வேண்டுகோள்

முதலாவது வரி. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பேனலுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஈயப் பேட்டரிக்கு 28-லிருந்து 18 ஆனது. குறைத்ததற்கு நன்றி. ஆனால் 25 ஆண்டுக்கு ஒரு முறை வாங்கும் பேனலுக்கு 5, நான்கு ஆண்டுக்கு ஒரு முறை வாங்கும் பேட்டரிக்கு 18 என்பது பொருத்தமில்லை. நாம் எடுத்துக்கொண்ட 8,000 ரூபாய்ப் பேட்டரியில் 1,220 ரூபாய் வரி. 5 சதவீதமாக்கினால் அதே பேட்டரி 7,119 ரூபாய்க்குக் கிடைக்கும். மாத ஒதுக்கீடு 167-லிருந்து 148 ஆகும். கம்பி இல்லாத ஊர்களின் வீட்டுச் சோலார் பேட்டரிக்காவது இந்தச் சலுகையைத் தரலாம்.

இரண்டாவது, பேனல் மாட்டும் ஒப்பந்தத்திலேயே அருகிலுள்ள கடை ஒன்றைச் சேவை நிலையமாகக் குறிப்பிட்டு, உதிரிப் பொருள் இருப்பு வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட வேண்டும். மூன்றாவது, எந்த ஊருக்குக் கம்பி எந்த ஆண்டில் வரும், எந்த ஊருக்கு வரவே வராது என்று அரசு வெளிப்படையாகப் பட்டியல் வெளியிட வேண்டும். இரண்டு ஆண்டில் கம்பி வரும் ஊரில் பெரிய சோலார் நிலையம் கட்டுவது முதலை ஆற்றில் போடுவது போல. ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் நம் பெரியவர்கள்.

மலை மாவட்டங்களில் உள்ள நமது கிளைச் சங்கங்கள் இந்த ஆண்டுப் பொதுக்குழுவில் இதற்கென ஒரு துணைக் குழு அமைத்து, தங்கள் பகுதியில் சோலார் விளக்கு உள்ள குடியிருப்புகள் எத்தனை, அவற்றில் இன்று எரிபவை எத்தனை என்று கணக்கெடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியரைச் சந்தித்தால் நம் வார்த்தைக்கு மதிப்பு இருக்கும். பேனல் வாங்க அரசிடம் பணம் இருக்கிறது. வெயிலுக்கும் நம் நாட்டில் பஞ்சமில்லை. மாதாமாதம் கணக்கெழுதி, பல்பு மாற்றி, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள்தான் தேவை. அந்த வேலைக்கு நம்மைவிடத் தகுந்தவர் யார்?